வெளியாள் வைத்த பத்துக் குடைகள்

நகோயாவில் என் வீடு மூன்றாவது மாடியில். ஒரு நாள் காற்றடித்து, கொடியில் கிடந்த என் காலுறை ஒன்று கீழே விழுந்துவிட்டது. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், யாரோ அதைத் தூசி தட்டி, மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாசல் கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உறையின் மேல் 'விழுந்திருந்தது' என்று ஒரே ஒரு சொல். காலுறையிலோ பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அவ்வளவு மரியாதையோடு தொங்குவதைப் போய் என்னுடையது என்று எடுக்க வெட்கமாக இருந்தது. மூன்று நாள் அதைத் தெரியாதவன் போலக் கடந்து போனேன். நாலாம் நாள் மழை பெய்தது. யாரோ உறையின் வாயை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். இனியும் தாங்காது என்று, அக்கம்பக்கம் பார்த்து அதைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

இந்த நாட்டுக்கு வந்து பதிமூன்று வருஷம் ஆகிறது. கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வரைபடம் போடுகிறேன். கடைக்காரர், பல் டாக்டர், பக்கத்து வீட்டு அம்மாள் என்று யாரைப் பார்த்தாலும் முதல் வாக்கியம் 'உங்கள் ஜப்பானிய மொழி நன்றாக இருக்கிறது' என்பதுதான். முதல் வருஷம் அதைக் கேட்டு அம்மாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். பதிமூன்றாம் வருஷத்தில் எரிச்சல்தான் வருகிறது. உள்ளூர்க்காரனிடம் யாராவது இப்படிச் சொல்வார்களா? இந்தப் பாராட்டிலிருந்து தப்பிக்கத்தான் நாலு வருஷத்துக்கு முன்பு பகுதி நேர முதுகலையில் சேர்ந்தேன். பாடம் ஜப்பானியவியல், வகுப்பு சனிக்கிழமை. நேபாளத்து நர்ஸ், பிரேசில்காரர், ஹங்கேரிப் பெண், நான். மருந்துக்குக்கூட ஒரு ஜப்பானியர் கிடையாது. முதல் நாள் எங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்கள் பேராசிரியர் மிசுகாமி சென்செய் சொன்னார்: "உங்கள் எல்லோருடைய ஜப்பானிய மொழியும் மிக நன்றாக இருக்கிறது."

என் ஆய்வுக்குத் தொலைந்த பொருள்களை எடுத்துக்கொண்டேன். ஜப்பானில் தொலைத்தது ஏன் திரும்பி வருகிறது என்பது கேள்வி. குடைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்து, எத்தனை திரும்புகின்றன என்று எண்ணுவது திட்டம். ஒப்பிட இன்னொரு ஊர் வேண்டும் என்றார் சென்செய். நான் என் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டம் என்றேன். அவர் தலையைச் சாய்த்து மிகவும் மெதுவாக, "அங்கே குடைகள் திரும்புமா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "திரும்பும்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பகுதி நேரக்காரர்களுக்கு நாலு வருஷம்தான் அவகாசம். ஜனவரிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நாலு வருஷத்துச் சனிக்கிழமைகளும் தண்ணீரில் போய்விடும். பட்டமும் என் ஊரின் மானமும் இப்படித்தான் குடைகளின் தலையில் வந்து விழுந்தன.

ஜூன் மழையில் நகோயாவில் பத்துக் கறுப்புக் குடைகளை ரயில்களில் விட்டுவிட்டு இறங்கினேன். எட்டு திரும்பின. ஒவ்வொரு முறையும் தொலைந்த பொருள் அலுவலகத்தில் அதே இளைஞர், அதே படிவம். மூன்று நாளுக்கொரு முறை ஒருவன் குடையைத் தொலைக்கிறானே, என்ன சங்கதி என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் மனசாட்சி உறுத்தியது. எட்டாவது முறை, "நான் இதை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டுப் போகிறேன்" என்று ஒப்புக்கொண்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போய் மேலதிகாரியை அழைத்துவந்தார். இருவரும் இடுப்பு வளையக் குனிந்து, தங்கள் சேவையில் எனக்கு ஏற்பட்ட மனக்குறைக்கு மன்னிப்புக் கேட்டார்கள். நானும் பதிலுக்குக் குனிந்தேன். யார் முதலில் நிமிர்வது என்று தெரியாமல் மூவரும் வெகுநேரம் அப்படியே நின்றோம்.

ஐப்பசி மழையைக் கணக்குப் பண்ணி ஊருக்கு வந்தேன். திருநெல்வேலி டவுனில் காதர் பாய் கடையில் பத்துக் குடை கேட்டதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பத்தா? என்ன வே, சப்பான்ல குடை கெடைக்காதோ?" என்றார். ஜங்ஷனில் ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறி, முதல் குடையை சீட்டுக்கு அடியில் நைசாகத் தள்ளிவிட்டு, கருங்குளத்தில் இறங்கி வேகமாக நடந்தேன். இருபது அடி போயிருக்க மாட்டேன். விசில் சத்தம், பிரேக் சத்தம். பஸ்ஸே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு ஒரு தலை நீட்டி எல்லோரும் கத்துகிறார்கள். கண்டக்டர் சுடலைமுத்து அண்ணாச்சி, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தத் தடத்தில் இருப்பவர், படியில் தொங்கியபடி குடையை ஆட்டினார்.

"ஏலே சப்பான்! குடைய விட்டுட்டு எங்கனலே ஓடுத?"

ஆய்வுப் படிவத்தில் 'திரும்பி வர எத்தனை நாள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பூஜ்யம் போட்டேன். இரண்டாவது குடையை டீக்கடையிலும் மூன்றாவதை அணைக்கட்டுப் படியிலும் வைத்தேன். அணைக்கட்டிலிருந்து சுற்றி வளைத்து வீட்டுக்கு வந்தால் வாசலில் அம்மா நிற்கிறாள். "எய்யா, ஒன் குடை ரெண்டும் வந்து ஒரு மணி நேரமாச்சு. நீ எங்கன போன?" நாலாவது, ஐந்தாவது குடைகளும் அப்படியே. அறிமுகமில்லாத ஊர் வேண்டும் என்று ஆறாவதை ஆழ்வார்திருநகரியில் ஒரு வீட்டுச் சுவரில் சாய்த்தேன். அந்த வீட்டு அம்மாள் பின்னாலேயே வந்து கொடுத்ததோடு விடவில்லை. நான் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, என் சித்தி மருமகள் தனக்கு ஒருவகையில் நாத்தனார் என்று கண்டுபிடித்து, இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

அதற்குள் ஊரில் பேச்சு பரவிவிட்டது. குடையோடு வந்தவர்கள் எல்லாம் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி என்னவோ சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று மாலை அம்மா என் கையைப் பிடித்து, கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அங்கன தனியா கெடந்து என்னமும் ஆயிட்டாய்யா? எல்லாரும் கேக்காவ. வேலைய விட்டுட்டு வந்திருய்யா, நமக்கு வாழை இருக்கு." ஆராய்ச்சி என்று எவ்வளவு சொல்லியும் அவள் தேறவில்லை. குடையைத் தொலைக்க ஒரு படிப்பு இருக்க முடியும் என்று அவளை நம்பவைக்க என்னால் முடியவில்லை. இப்போது யோசித்தால் எனக்கே நம்பிக்கை இல்லை.

என்னைத் தெரியாதவர் இல்லாத ஊரில் மிச்சம் நாலு குடையை எங்கே வைப்பது என்று புரியாமல், கடைசியில் சுடலைமுத்து அண்ணாச்சியிடமே சரணடைந்தேன். பஸ் நிலையத்தில் அவர் டீ குடித்து முடிக்கும்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திருப்பித் தராத எடம்தான் வேணுமின்னா மூடுன மாஞ்சோலை எஸ்டேட்டுக்குக் கொண்டு போ. அங்கன இப்ப ஆளே கெடையாது" என்றார். பிறகு அவருக்கே பாவமாக இருந்ததோ என்னவோ, "சரி, மிச்சம் நாலையும் இங்கன தா. ஒன்னப் பாஸ் பண்ண வைக்குதது எம்பொறுப்பு" என்று வாங்கிக்கொண்டார். நான் தடுப்பதற்குள் பஸ்ஸில் ஏறி, நாலு குடைகளையும் மேல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "இது சப்பான் சர்க்கார் ஆராய்ச்சிக் குடை. ஒருத்தரும் தொடப்பிடாது!" இரண்டு நாள் அந்தக் குடைகள் நெல்லைக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் போய்ப்போய் வந்தன. வெளியே கொட்டுகிற மழையில் ஆட்கள் நனைந்துகொண்டே இறங்கினார்கள், ஒருவரும் அவற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அண்ணாச்சி நாலையும் கயிற்றால் கட்டி, வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பத்துக்குப் பத்து. நகோயாவை என் ஊர் தோற்கடித்துவிட்டது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பினேன். ஜனவரியில் எழுதி முடித்துக் கொண்டுபோனபோது மிசுகாமி சென்செய் படிவங்களைப் புரட்டி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தார். 'பொருளை வைத்தவர்: உள்ளூரார் அல்லது வெளியாள்.' நகோயாப் படிவங்களில் யோசிக்காமல் வெளியாள் என்று குறித்திருந்தேன். ஸ்ரீவைகுண்டத்துக்கு உள்ளூரார். "இரண்டு இடத்திலும் வெளியாள் வைத்தால்தான் ஒப்பிடலாம். உள்ளூரார் என்றால் இந்தப் பத்தையும் கணக்கிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். எடுத்தால் ஆய்வேடு இல்லை. கொடுக்க மூன்றே நாள் பாக்கி. அவருக்கும் என் மேல் இரக்கம்தான். விதிப் புத்தகத்தைத் திறந்து, ஓர் ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனவர் அங்கே வெளியாளாகக் கருதப்படுவார் என்ற வரியைக் காட்டினார். "நீங்கள் பதிமூன்று வருஷம், அல்லவா?"

ஆமாம் என்றேன். ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்தே வெகுகாலமாகிறது. ஆனாலும் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மூடி, மறுபடி கழற்றினேன். பத்துப் படிவத்திலும் உள்ளூராரை அடித்துவிட்டு வெளியாள் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிய சென்செய், என் ஜப்பானியக் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது என்று பாராட்டினார்.

பட்டம் கிடைத்தது. சித்திரையில் ஊருக்குப் போனபோது ஆய்வேட்டின் ஒரு பிரதியை எடுத்துப் போயிருந்தேன். பஸ்ஸில் ஏறியதும் சுடலைமுத்து அண்ணாச்சி அதைப் பறிக்காத குறையாக வாங்கினார். தன் பஸ்ஸின் போட்டோவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. பக்கங்களைத் திருப்பிக்கொண்டே வந்தவர், பத்து வரிசையிலும் ஒரே ஜப்பானியச் சொல் எழுதியிருந்த அட்டவணையில் நின்றார்.

"இது என்னலே, ஒண்ணையே பத்து வாட்டி எழுதியிருக்கான்?"

பஸ்ஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"குடைய வச்சவன் உள்ளூர்க்காரன்னு போட்டிருக்கு, அண்ணாச்சி."

"பின்ன, வேற என்னன்னு போடுவான்?" என்றவர், அந்தப் பக்கத்தை விரித்தபடியே புத்தகத்தைப் பின்சீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டினார். நான் வெளியாள் என்று என் கையாலேயே எழுதிய பக்கம் கைக்குக் கை மாறி பஸ்ஸின் கடைசிவரை போனது. கருங்குளத்தில் இரண்டு பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நான் இறங்குவதற்குள் அதைப் பத்திரமாக என் கையில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.