தொட்ட ராஜா

மாரிகுப்பம் ரயிலில் செஸ் ஆடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி குலுங்கினால் சட்டென்று ராஜாவின் தலையில் விரலை வைத்து அழுத்திக்கொள்வார்கள். தங்கவயலிலிருந்து வருடக்கணக்காகப் பெங்களூருக்கு வந்துபோகிற ஷோபாவின் விரலும் அப்படியே பழகிவிட்டது.

பொம்மசந்திராவில் ஒயர் இணைக்கும் ஃபேக்டரியில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி செஸ் டீமில் ஓர் இடம் காலி. அதில் சேர்ந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு. செஸ்ஸில் ஜெயிப்பவர்தான் ஒயரை ஒழுங்காக இணைப்பார் என்று எந்தப் புத்திசாலி கண்டுபிடித்தாரோ. புருஷன் போனபின் அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த இடத்துக்கான கடைசி ஆட்டத்தில் எதிரே பக்கத்து ஷெட் முனிராஜ். அவரும் கான்ட்ராக்ட்தான்.

ஷோபாவுக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றே ஒன்று. பயந்தாங்கொள்ளி ஆட்டம் என்று ரயிலில் கிண்டல் செய்வார்கள். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், அடுத்து பிஷப், அடுத்து குதிரை, உடனே ராஜாவைக் கோட்டைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது. சிப்பாய் போனது, பிஷப் போனது. முனிராஜும் தன் ராஜாவின் முன்சிப்பாயை நகர்த்தி, குதிரையை வெளியே எடுத்தார். ஷோபா தன் குதிரைக்காகக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து ஓசூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி போனது. கேன்டீன் மேசை அதிர்ந்தது. விரல் நேரே ராஜாவின் தலையில் போய் உட்கார்ந்தது.

முறை அவளுடையது. நிமிர்ந்து பார்த்தாள். முனிராஜின் விரலும் அவருடைய ராஜாவின் தலையில் இருந்தது. அவர் முறையில்லை, அதனால் தப்பில்லை.

"நீங்களும் நம்ம ட்ரெய்ன்தானாண்ணா?" என்றாள் மெதுவாக.

அவர் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். "சார், ராஜாவத் தொட்டுட்டாங்க."

"தொட்டா அதத்தான்மா ஆடணும்," என்றார் நடுவர்.

ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள். ஒருமுறை நகர்ந்த ராஜாவுக்கு அப்புறம் கோட்டை கிடையாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவள் கண்ணுக்குப் பலகை முழுக்க மாதக் கடைசியாகத் தெரிந்தது. கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

முனிராஜ் யோசித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு லாரி. மறுபடியும் அவருடைய விரல் அவருடைய ராஜாவின் தலையில். இப்போது முறை அவருடையது.

அவர் விரலை எடுக்கவில்லை.

"ஊட்டுல ரெண்டு பொண்ணுங்கமா," என்றார்.

"எனக்குந்தாண்ணா."

ஷோபா தொடைக்கடியிலிருந்து கையை உருவினாள். நடுவரைப் பார்த்துத் தூக்கினாள்.