பிலோ அக்கா எல்லார் முன்னிலையிலும் கேட்டது

போன வியாழக்கிழமை காலை தொலைபேசியை எடுத்தவர் என் கணவர் சேவியர். "பிலோ அக்கா போயிட்டாங்களாம்" என்றவர், ஒரு காலில் மட்டும் ஷூவோடு அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் ஆபீஸ் போகவில்லை.

ஜெர்சி சிட்டியில் நம் ஜெபக் கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் பிலோமினா அக்காவைத் தெரியும். கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தியவர். அந்நிய நாட்டுக்கு வாக்கப்பட்டுப் போய், பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் போர் மூளாமல் பார்த்துக்கொண்ட ராணிகள்தான் அவருடைய பாடம். கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுகூட அவர்கள் கதைதான். "ராஜா தானா இறங்கி வந்தா தோத்த மாதிரி. அதான் சபையில எல்லார் முன்னாடியும் ராணி முட்டி போட்டுக் கேப்பா. அவளுக்காக விட்டுக்கொடுத்தா அவருக்குப் பெருமை" என்பார். "முட்டி வலிக்காதா அக்கா?" என்று கிண்டல் செய்தால், "கவுனுக்குள்ள தலையணை வச்சிருப்பா" என்று சிரிப்பார்.

அப்போது எங்கள் வீட்டிலும் ஒரு போர். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் இவருக்கும் இவர் தம்பி அருளுக்கும் வார்த்தை தடித்து, பேச்சு நின்றுபோயிருந்தது. இதற்கிடையில் அருளுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்தது. பேசாமலே போய்விட்டால் உறவே அறுந்துவிடும் என்று நான் அழுதுகொண்டிருந்தேன். வழியனுப்பு விருந்தில் பிரியாணித் தட்டோடு எழுந்து நின்றார் அக்கா. "சேவியர், எனக்காக ஒண்ணு செய்வீங்களா? நாளைக்கு அருளை ஏர்போர்ட்ல நீங்கதான் டிராப் பண்ணணும்."

எல்லாரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க கேட்டா எப்படிக்கா மாட்டேன்னு சொல்றது" என்றார் இவர். அன்றிலிருந்து போனில் பேச்சு உண்டு. ஆனால் அருள் இன்னும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வியாழக்கிழமை படியில் உட்கார்ந்தபடி இவர் சொன்னார்: "அன்னைக்கு அக்காவைக் கேக்கச் சொன்னதே நான்தான்டி. முந்தின நாளே போய்க் கெஞ்சினேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராஜாக்களே ரகசியமாகச் சொல்லி ராணியைக் கேட்கவைத்ததும் உண்டு என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு ராஜா என் வீட்டிலேயே இருப்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அதை நினைத்துத்தான் நான் அதிகம் அழுதேன்.

நேற்று நம் கூட்டத்து மடலுக்கு இதை எழுத உட்கார்ந்தபோது இவர் காபியோடு வந்தார். "அக்காவோட முப்பதாம் நாள் பூசைக்கு அருள் வரானாம். ஹோட்டல்ல ரூம் போடுறானாம்" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தது.

அக்காவின் படிப்பு எனக்கில்லை. எல்லார் முன்னிலையிலும் வெட்கமில்லாமல் கேட்கிற பழக்கம் ஒன்றைத்தான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். அதனால் நீங்கள் எல்லோரும் படிக்க, இங்கேயே கேட்கிறேன். அருள் தம்பி, ஹோட்டல் வேண்டாம். எனக்காக நம் வீட்டில் தங்குங்கள். ஏர்போர்ட்டுக்கு அண்ணன் வருவார்.