சகலைக்குக் கொடுத்த மாத்திரை

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் 'சிக்கனம்' என்றுதான் பெயர். துறைமுகங்களில் கிரேன் பொருத்தும் ஃபிட்டர் அவர். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் எதுவும் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். தேய்ந்துபோன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பார். பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் பிளந்து வழித்த பிறகுதான் குப்பைக்கு விடுவார்.

"அத்தான், அதை விட்டுடுங்க. அது செத்து ஒரு வாரம் ஆச்சு" என்பேன்.

"போம்மா, இன்னும் ரெண்டு நாள் பல்லு விளக்கலாம்" என்பார்.

என் வீட்டுக்காரரும் அதே கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். வெளிநாட்டு வேலைக்கு இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் அத்தான், அடுத்த முறை இவர். தடுப்பூசி அட்டை இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் இருவரும் சேர்ந்தே ஊசி போட்டுக்கொள்ளப் போனார்கள். நானும் அக்காவும் கூடவே போனோம். கிரேன் உச்சியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே சாப்பிடுகிற அத்தான், ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முடிஞ்சு நாழியாச்சு, கண்ணைத் திறங்க" என்றாள் நர்ஸ். நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுத்த அறை டாக்டரே எட்டிப் பார்த்தார்.

அந்த டாக்டர் சிரிக்கவில்லை. மலேரியா மாத்திரைப் பட்டைகளை அத்தான் கையில் கொடுத்துவிட்டு, "போறதுக்கு முன்னாடி ஆரம்பிக்கணும். அங்க இருக்கிறவரை தினமும் போடணும். திரும்பி வந்தப்புறமும் நாலு வாரம் விடக் கூடாது. கொசு அங்க கடிக்கும், காய்ச்சல் இங்க வரும். புரியுதா?" என்றார். அத்தான் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

போனார், வேலையை முடித்தார், கறுத்து இளைத்துத் திரும்பி வந்தார். வந்த வாரமே அங்கிருந்த எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரரை உடனே கிளம்பச் சொன்னார்கள். ஊசி போட்ட அட்டை இருந்தது, மாத்திரை இல்லை. மருத்துவமனையில் கேட்டால் இருப்பு தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். விமானம் மறுநாள். மாத்திரை இல்லாமல் போகவே கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மறுநாள் காலை அவர் பட்டைகளைக் காட்டி, "கிடைச்சிடுச்சு, போதுமா?" என்றார். எனக்கு உயிர் வந்தது. பெட்டி கட்டும் அவசரத்தில் எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

அத்தான்தான் கொடுத்திருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு அவர் விழுங்கியிருக்க வேண்டிய நாலு வார மாத்திரை அது. "எனக்குக் கூடுதலா கொடுத்துட்டாங்க சகல. நான் வீடு வந்து சேந்துட்டேன், இனி இது வீணாத்தானே போகும்" என்றாராம். இவரும் நம்பிவிட்டார். அப்போது எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அத்தானுக்குக் குளிர் காய்ச்சல். வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் போர்த்தியும் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. நானும் அக்காவும் அவரைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று அக்கா சொன்னதும் அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"மலேரியா மாத்திரையெல்லாம் முழுசா போட்டீங்களா?"

அத்தான் ஒரு நொடி அக்காவைப் பார்த்தார். "ஒரு நாள் விடல டாக்டர்."

"அவரு ஒரு பருக்கையக்கூட மிச்சம் வைக்கமாட்டாரு டாக்டர், மாத்திரையவா விடுவாரு?" என்றாள் அக்கா, பெருமையாக.

"அப்போ அது இல்ல. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான்" என்றார் டாக்டர். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அத்தான் மேல் உள்ள கோபமும் ஆறவில்லை. மனைவிக்கு முன்னால் அசடு வழியக் கூடாது என்று ஒரு மனிதன் உயிரை வைத்துப் பொய் சொல்வானா?

மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வராந்தாவில் நின்றபடி என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பதறிப்போனார்.

"இங்க பாதிப் பேருக்குக் காய்ச்சல். நான் நல்லா இருக்கேன்னா அது சகல கொடுத்த மாத்திரையாலதான்னு அவருகிட்ட சொல்லு."

"என்ன மாத்திரை?" என்றேன். அவர் நடந்ததைச் சொன்னார்.

போனைக் கையில் பிடித்தபடியே வார்டுக்குள் ஓடி டாக்டரிடம் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். மூளைக்கு ஏறிவிட்டது, சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். அக்கா அவர் காதில், "ஏங்க கொடுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் கண் திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தபோது, மிச்சம் போட வேண்டிய மாத்திரைகளைக் கம்பெனி கையோடு கொடுத்து அனுப்பியிருந்தது. முதல் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "எனக்கு இது தொண்டையில இறங்கல" என்றார்.

மறுநாள் காலை அக்கா வந்தாள். ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "போடுங்க." அவர் விழுங்கியதும், "வாயைத் திறங்க. நாக்கைத் தூக்குங்க" என்றாள். பார்த்துவிட்டுப் போனாள். அந்த நாலு வாரமும் தினமும் வந்தாள்.

கடைசி நாள் பார்த்தால் ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. என் வீட்டுக்காரர் அத்தானோடு பழகிய தோஷத்தில், "அடுத்து போறவனுக்கு ஆகும், வச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். கொல்லைப்பக்கம் போய், சாக்கடை ஓரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தண்ணீரில் விட்டாள். ஒன்றும் மிச்சமில்லையே என்று காலிப் பட்டையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.