பாறசாலையில் அணையாத சூட்டு

மீன மாதத்து வெயில் ஏறுமுன்னே குழித்துறையை விட்டோம். மாட்டு வண்டியில் படம் காட்டும் கைச்சுற்று இயந்திரம், சுருட்டிய திரை, கூடாரத் துணி, நான்கு தகரப் பெட்டிகள். பாறசாலைக்கு ஐந்தாறு மைல். வண்டிக் கூலி எட்டுச் சக்கரக் காசு. பெட்டிகளின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, காய்ந்ததும் மறுபடி நனைத்துக்கொண்டே வந்தேன். உள்ளே இருந்த படச்சுருள் ஒரு பொறி பட்டால் வெடிமருந்துபோல் எரியும். மறுபிரதி எங்களிடம் இல்லை.

இயந்திரம் ஞானாபரணம் அண்ணனுடையது. கப்பலில் கரி அள்ளிப் போட்டுச் சம்பாதித்து வாங்கியது. படம் பேசாது, திரையருகே நின்று இங்கிலீஷ் எழுத்தைப் படித்துக் கதையை உரக்கச் சொல்வது என் வேலை. பனையேறிகளான எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான்.

களியக்காவிளையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியபோது கேட்டேன்: “அண்ணே, இந்தப் படம் எடுத்தவரை நேரில கண்டியளா?”

“கண்டேன் மக்கா. அமெரிக்காவில கறுத்த ஆளுவளுக்க கொட்டகை வாசல்ல, நீளக் கோட்டு போட்டு நின்னாரு. நம்ம நிறமாக்கும்.”

அந்த மனிதர் முதலில் தனியாளாக நிலம் உழுதவராம். தம் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, வீடு வீடாகத் தாமே விற்றிருக்கிறார். அதைப் படமாக்கப் பிறர் கேட்டு வந்தபோது, கொடுக்காமல் தாமே கம்பெனி தொடங்கினார். வீடுகளை ஒரு நாளுக்கு இரவல் வாங்கிப் படம் பிடிப்பார். நடிகர் தடுமாறினாலும் மறுபடி எடுக்கச் சுருள் இருக்காது. முடிந்ததும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். காட்சிகளை அச்சடித்த படத்தாள்களைக் காட்டிக் கொட்டகைக்காரரிடம் முன்பணம் வாங்குவார். அதிகாரிகள் ஓர் ஊரில் படத்தில் ஒரு துண்டை வெட்டுவார்கள், அடுத்த ஊரில் வேறொன்றை.

“அவருக்குப் பேடி, பயம் ஒண்ணும் இல்லையா அண்ணே?”

“பேடி இல்லாமலா? நான் கண்டப்பளும் தெருவைப் பாத்துக்கிட்டேதான் பேசினாரு.”

அண்ணனும் அவர் வழியைத்தான் பிடித்திருந்தார். முந்தின வாரமே பாறசாலைக்கு வந்து, படத்தாள்களைக் காட்டி இடம் கேட்டிருந்தார். வினை அங்கேதான் வந்தது. ஒரு தாளில் கறுத்த டாக்டர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, வெள்ளைக்காரர்கள் எதிரே நின்றார்கள். ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் கண்ணில் அது உறுத்தியது.

உச்சிக்கு முன்னே பாறசாலை சேர்ந்து, வெயில் தாழக் கூடாரம் அடிக்கும்போது, பெரிய பண்ணையின் காரியஸ்தர் வந்தார். குடை பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார்.

“எலே, கதை சொல்லுகவன் நீயாக்கும்? நாற்காலியில இருக்கவன் யாரு?”

“டாக்டராக்கும், ஏமானே.”

“டாக்டரா! தொர வெளியில போன நேரம் வேலைக்காரன் நாற்காலியைத் தொடச்சுப்போட்டு இருந்து பாக்கான். அப்படியாக்கும் சொல்லணும். இல்லேண்ணா எனக்க ஆளுவ சூட்டை அணைக்காம நிப்பினும்.”

இந்தப் பக்கத்தில் அந்திக்குப் பின் நடப்பவர்கள் தென்னோலையைக் கட்டிய பந்தமான சூட்டைக் கொளுத்தி வீசிக்கொண்டு வருவார்கள். கூடாரத்துக்குள் நுழையுமுன் வாசலில் தண்ணீர் நிறைத்த குழியில் அதை அமிழ்த்திவிட வேண்டும். எங்கள் பிழைப்பே அந்தக் குழியில் இருந்தது.

காரியஸ்தர் போனதும் கேட்டேன்: “அண்ணே, என்ன சொல்லட்டு?”

“உனக்க வாயிலே வாறதைச் சொல்லு மக்கா. உயிரு போனா வராது, படமும் அப்படித்தான்.”

அந்தி மயங்கியது. செங்கலிலிருந்தும் காரக்கோணத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தரை டிக்கெட் இரண்டு சக்கரம். குழியில் சூட்டுகள் ஒவ்வொன்றாகச் சீறி அணைந்தன. பண்ணையாள் நால்வர் மட்டும் எரியும் சூட்டோடு உள்ளே வந்து, இயந்திரத்துக்குப் பத்தடி தள்ளி நின்றார்கள். தரையில் பிள்ளைத்தாய்ச்சிகள், மடியில் குழந்தைகள். வாசலோ ஒன்றே ஒன்று. அண்ணன் இயந்திரத்தைச் சுற்றினார். கண்ணை அந்த நால்வர்மேல் வைத்தே சுற்றியதால் திரையில் ஆட்கள் விட்டுவிட்டு நடந்தார்கள்.

நாற்காலிக் காட்சி வந்தது. காரியஸ்தரின் வார்த்தைகள் முழுசாக நாவில் நின்றன. திரையில் நாற்காலியில் இருந்தவர் நோயாளியின் நாடியைப் பிடித்தபடி நேராக என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

“இவர் டாக்டர்,” என்றேன். “நாற்காலி இவருடையது.”

பொறிக்காகக் காத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். வந்தது ஒரு கிழவியின் சத்தம்.

“எலே தங்கப்பா! பந்தம் பிடிச்சு நிக்கியே, இங்க என்ன உனக்க கலியாணமா? வெளிச்சத்துல டாக்டருக்க மொகம் தெரியல்ல!”

கூடாரம் சிரித்தது. “மாறி நில்லு, இல்லேண்ணா அணை!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கண்ணைத் திறந்தேன். சூட்டு பிடித்திருந்த நால்வரில் தங்கப்பன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கறுத்தவன்தான். டாக்டர் குனிந்து நோயாளியின் நெஞ்சில் குழலை வைத்தார். தங்கப்பன் தன் சூட்டின் வெளிச்சத்துக்குக் கையால் மறைப்புக் கட்டிப் பார்த்தான். தீ அடிவரை இறங்கியிருந்தது. பிறகு அவசர அவசரமாகக் குழிக்கு ஓடி அமிழ்த்திவிட்டு, விட்ட இடத்தைப் பிடிக்க ஓடிவந்தான்.

“எலே, அந்த நோயாளி பிழைச்சானா?” என்று என்னிடமே கேட்டான்.

மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசி ஆள் அணைக்கும்வரை நான் என்ன கதை சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

விடியுமுன் வண்டி கட்டினோம். பண்ணை விழித்தால் தங்கப்பனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அண்ணன் பெட்டிகளின் கயிற்றை இறுக்கினார். உதியன்குளங்கரை தாண்டி, அமரவிளைப் பாலம் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். தூரத்து அமெரிக்காவில் அந்த நீளக்கோட்டு மனிதரும் ஒவ்வோர் ஊரையும் இப்படித்தான் விட்டிருப்பார். எங்களுக்கு ஊரைக் கடக்கிற கால் இருந்தது. பண்ணையில் கட்டுண்ட தங்கப்பனுக்கு அது இல்லை.

பாறசாலையிலிருந்து ஆறு மைலில் நெய்யாற்றின்கரை. இறங்கியதும் கூடாரத்துக்கு இடம் எங்கே என்று அண்ணன் விசாரித்தார். நான் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். சூட்டு அணைக்கும் குழியை முந்தின நாளைவிட ஒரு முழம் ஆழமாகத் தோண்டினேன்.