அமெரிக்காவைப் பற்றி மட்டும்

அமெரிக்கா தூரத்தில் இருப்பது எவ்வளவு வசதி என்பதை எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் சங்கத் தலைவர். சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் ஆண்டுதோறும் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கலைவிழா நடத்துவோம். பிள்ளைகளின் நடனம், வடை, தேநீர், கடைசியில் பட்டிமன்றம். இந்த முறை தலைப்பு, "அமெரிக்கச் சமூகத்தில் நிறுவனமயமான இனவெறி உண்டா, இல்லையா?" ஏன் இவ்வளவு கனமான தலைப்பு என்று கேட்டேன்.

"உலக விசயமாவும் இருக்கும் அக்கா, இங்க ஒருத்தருக்கும் நோகாது" என்றார் தலைவர்.

நோகக்கூடாத அந்த ஒருத்தர் சிறப்பு விருந்தினர். நகரசபை உறுப்பினர், வெள்ளைக்காரர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. குடியுரிமை விண்ணப்பங்களை விசாரிக்கும் குழுவிலும் இருக்கிறார். அந்தக் குழுவின் முன்னால் அடுத்த மாதம் போய் உட்கார வேண்டியவன் என் மகன். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்தவன், இந்த நாட்டுக்குத் தான் தகுதியானவன் என்று அங்கே நிரூபிக்க வேண்டும். பட்டிமன்றத்தில் அவன் "உண்டு" அணியில் கடைசிப் பேச்சாளன்.

விழாவுக்கு முந்திய வாரம் ஒரு சம்பவம் நடந்திருந்தது. மகன் பொறியியல் படிக்கச் சூரிச்சுக்குப் போகும் ரயில் வழியில் கொஞ்சத் தூரம் ஜெர்மன் மண்ணுக்குள்ளால் ஓடும். மறுபடி சுவிஸுக்குள் வந்ததும் எல்லைக் காவலர்கள் ஏறுவார்கள். அன்று அந்தப் பெட்டியில் அவனுடைய வகுப்பு நண்பர்கள் உட்பட எத்தனையோ பேர். அடையாள அட்டை கேட்டது இவனிடம் மட்டும். அட்டை சரியாக இருந்தும் இறக்கி, சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, பையை ரயில் மேடையில் கொட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, நான் விடிய எழும்பி அவித்த புட்டைக் கையுறை விரலால் கிளறிப் பார்த்திருக்கிறார்கள். இதை அவன் காலநிலை சொல்வதுபோல் சொன்னான். நான் கழுவின கோப்பையைக் கீழே போட்டேன். அன்றிலிருந்து அவன் ரயிலேறினால் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று செய்தி வரும்வரை வேலையிடத்தில் உப்பு எது, சீனி எது என்று தெரிவதில்லை. முதியோர் இல்லத்தின் சமையலறையில் அது சின்ன விசயமல்ல.

மண்டபத்துக்குப் போகும் வழியில் கெஞ்சினேன். "அப்பன், அமெரிக்காவைப் பற்றி மட்டும் கதை."

"ஓம் அம்மா. அமெரிக்காவைப் பற்றி மட்டும்."

"இல்லை" அணியில் பலசரக்குக் கடைக்காரர் வெளுத்து வாங்கினார். "என்ர மச்சான் நியூ ஜெர்சியில மூண்டு வீடு வைச்சிருக்கிறார். இனவெறி எண்டால் வித்திருப்பாங்களோ? கறுப்பர் ஒருத்தர் ஜனாதிபதியாவே வந்திட்டார். பிறகென்ன வேணும்?" ஒரே கைதட்டல். இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடிய காலத்தில், தன் பெயரைக் கேட்டதும் வீடு இல்லையென்கிறார்கள் என்று, வெள்ளைக்கார நண்பரைக் கொண்டு தொலைபேசியில் கதைப்பித்தவர் இவர்தான். அப்படிக் கிடைத்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறார்.

"உண்டு" அணி மட்டும் என்ன திறம்? முதலில் பேசிய அம்மணி, கறுப்பின மக்களுக்கு வங்கிகள் கடன் மறுத்த வரலாற்றைச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். தன் கட்டடத்தின் மேல்மாடிக்கு எரித்திரியக் குடும்பம் ஒன்று வரப்போகிறது என்றதும் நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதியதும் அதே அம்மணி. பட்டிமன்றக் கண்ணீர் அமெரிக்காவுக்கு மட்டும்தான் போலும்.

மகன் எழுந்தான். "நிறுவனமயமான இனவெறி எண்டால் ஆரும் கெட்டவனா இருக்கத் தேவையில்லை. எல்லாரும் தங்கட வேலையைச் சரியாச் செய்தாலே காணும். அமெரிக்காவில ஒரு பெடியன். அங்கயே பிறந்தவன். ரயிலில படிக்கப் போறான்."

அவன் ஒன்றையும் விடவில்லை. அட்டை, சப்பாத்து, பை. சனம் "ச்சீ" என்றது. ஒரு ஆச்சி "பாவம் அந்தப் பிள்ளை" என்று சத்தமாகவே சொன்னார். பிறகு, "சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து புட்டைக் கிளறிப் பாத்தாங்கள்" என்றான்.

பின்வரிசையில் ஒருவர் எழும்பிக் கத்தினார். "தம்பி, அமெரிக்காவில புட்டு எங்கால?"

"அம்மா அவிச்சது, அண்ணை."

சிரித்தார்கள். சிரித்தால் அதைப் பகிடி என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா! விருந்தினரும் சிரித்துக்கொண்டே தலைவரிடம் விசயம் கேட்க, அமெரிக்கச் சாப்பாட்டைப் பற்றி ஒரு நகைச்சுவை என்று தலைவர் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நடுவர், "இருக்கு, ஆனால் குறைஞ்சு வருது" என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டு பக்கத்தையும் வாழ்த்தி, வடைக்குப் போனார்.

தேநீர் மேசையில் விருந்தினர் மகனின் கையைக் குலுக்கி, என்ன பேசினீர்கள் என்று விசாரித்தார். "அமெரிக்கா, அமெரிக்கா" என்று தலைவர் குறுக்கே விழுந்தார். மகன் என்னைப் பார்த்தான். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். அவன் சுவிஸ் ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னான், ரயிலின் பெயரோடு.

அவர் பொறுமையாகக் கேட்டார். "கவலையான விசயம். ஆனால் அது வழமையான சோதனை. அமெரிக்கா மாதிரி இங்கே எதுவும் இல்லை. நானும் எத்தனையோ வருடமாக அதே ரயிலில்தான் போகிறேன். மிக மரியாதையான மனிதர்கள்."

தலைவர் வேகமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கண்டுதான் எனக்கு எரிந்தது என்று நினைக்கிறேன். என் சமையலறை ஜெர்மனில் நான் கேட்டேன். "உங்கள் பையை எப்போதாவது திறந்து பார்த்தார்களா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "இல்லையே. என் பையை ஏன் திறக்க வேண்டும்?"

அவருடைய முகத்தில் கோபம் இல்லை. கேள்வியைக் கேள்வியாகவே கேட்டார். பிறகு மகனிடம், அடுத்த மாதம் சந்திப்போம் என்று சொல்லி விடைபெற்றார். அது மரியாதையா, எச்சரிக்கையா என்று நான் இன்னும் அந்த வசனத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். அன்றிலிருந்து தலைவர் என்னோடு கதைப்பதில்லை. அதில் எனக்கு நட்டமில்லை.

காரில் மகன் சொன்னான். "பாஸ்போட் கிடைக்காட்டி அது உங்களாலதான் அம்மா. நான் கதைதான் சொன்னனான். நீங்கள் கேள்வியெல்லோ கேட்டனீங்கள்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நேர்முகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.