உறைந்த ஏரியும் காவல்கார அம்மாவும்

போன சனிக்கிழமை என் மகள் யாழினி கேட்ட ஒரு கேள்வியில் வாயடைத்துப் போனேன். உங்களுக்கே தெரியும், எனக்கு அது அவ்வளவு சுலபத்தில் நடக்கிற காரியமில்லை!

இடம், அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் பார்சிப்பனி ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. விடாமல் அடித்த குளிரில் கல்லாக உறைந்து கிடந்தது. நகராட்சிக்காரர்கள் ஐஸில் துளை போட்டு, கனத்தை அளந்து பார்த்து, 'தாராளமாக இறங்கலாம்' என்று பச்சைக் கொடியும் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், ஊரே ஏரி மேல். குழந்தையைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுக்கிற அப்பாக்கள், ஹாக்கி ஆடும் பையன்கள், கைகோத்து ஸ்கேட்டிங் பண்ணும் வயசான ஜோடிகள்...

நான்? கரையில். மடக்கு நாற்காலியில். காலடியில் மூன்று பைகள்.

எந்தக் குடும்பம் வெளியே கிளம்பினாலும் இந்த வேலைக்கு ஓர் ஆள் மாட்டும், இல்லையா? மெரினாவில் எல்லோரும் அலையில் ஆட, செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு சித்தி. தீம் பார்க்கில் அத்தனை பேருடைய செல்போனையும் மடியில் வைத்துக்கொண்டிருக்கும் ஓர் அத்தை. "நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கறேன்!" எங்கள் வீட்டில் அந்தப் பதவி நிரந்தரமாக எனக்குத்தான். யாரும் கொடுக்கவில்லை... நானே எடுத்துக்கொண்டது.

"உன் புளியோதரையை எவன் தூக்கிட்டுப் போகப் போறான்? சுத்திப் பாரு, எல்லாரும் பையை அப்படி அப்படியே போட்டுட்டுப் போயிருக்காங்க" என்று கிண்டலடித்துவிட்டு என் வீட்டுக்காரர் ஏரிக்குள் இறங்கிவிட்டார்.

விஷயம் பையில் இல்லை. எனக்குப் பயம். சாதாரணப் பயமில்லை, உதறல். கீழே ஆழமான தண்ணீர், மேலே நான், நடுவில் ஐஸ். கொடி கட்டியவருக்கு என் எடை தெரியுமா? இனிமேல் எங்கேயாவது பைக்குக் காவல் இருப்பவரைப் பார்த்தால், பாவம், பொறுப்பான மனுஷி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் என்னைப் போலத்தான்.

அப்போதுதான் யாழினி வந்து நின்றாள். ஹைஸ்கூலில் கடைசி வருடம். ஆகஸ்டில் காலேஜுக்குக் கிளம்புகிறாள் — அதுவும் டெக்சாஸுக்கு.

"அம்மா, கம் ஆன். ஜஸ்ட் ஒன் ரவுண்ட்."

"நீ போடா கண்ணா. பை இருக்குல்ல..."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"நெக்ஸ்ட் விண்டர் ஐ வோன்ட் பி ஹியர், அம்மா. யோசிச்சுப் பார்த்தா, எல்லா ட்ரிப்லயும் நீ தூரமாத்தான் உக்காந்திருக்கே. வித் த பேக்ஸ். அப்படித்தான் நான் உன்னை ரிமெம்பர் பண்ணணுமா?"



எழுந்தேன். பைகளை நாற்காலி மேல் அடுக்கினேன். என் சால்வையைப் போட்டு மூடினேன். பழக்கம் விடுமா?

முதல் அடியிலேயே "முருகா!" என்று நான் போட்ட சத்தத்தில் ஹாக்கி ஆட்டம் ஒரு நொடி நின்றது. யாழினி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே சறுக்கினாள். மிடில் ஸ்கூல் போனதிலிருந்து வெளியிடத்தில் கையைத் தொடவிடாத பெண்!

"கீழ பாக்காத. லுக் அட் மீ."

பார்த்தேன். குளிரில் மூக்கு சிவந்து, வாய்கொள்ளாத சிரிப்போடு... என் பெண் எவ்வளவு அழகாக இருக்கிறாள்! இத்தனை கிட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

திடீரென்று ஐஸுக்கு அடியில் 'டும்' என்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

"ரிலாக்ஸ், அம்மா! ஐஸ் எக்ஸ்பாண்ட் ஆகற சத்தம். இட்ஸ் நார்மல்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் வழுக்கி உட்கார, அவள் என் மேல் விழ... இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம். வயிறே வலித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒருவழியாக எழுந்து நின்றபோது வீட்டுக்காரர் தூரத்திலிருந்து கத்தினார். "ஏய்! நம்ம சேரைப் பாரு!"

திரும்பினேன். நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சால்வை ஒரு பக்கம், பை ஒரு பக்கம். ஒரு கூட்டம் சீகல் பறவைகள் ஃபாயிலைக் கிழித்து, என் புளியோதரையை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன.

யாழினி கரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். பிடி லேசாகத் தளர்ந்தது. அம்மா இப்போது பையைக் காப்பாற்ற ஓடிவிடுவாள் என்று நினைத்திருப்பாள்.

"தின்னுட்டுப் போகட்டும் விடு" என்றேன். "நீ கையை விடாத. இன்னொரு ரவுண்ட் போலாம்."

பின்குறிப்பாக ஒன்று. புளியோதரையை ஒரு பருக்கை விடாமல் காலி செய்த அந்தப் பறவைகள், கூடவே இருந்த பாகற்காய் வறுவலை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் பிறந்ததுகளாயிற்றே!