பூட்ஸைக் கழற்றும் ஏட்டையா

ஜீப்பை விட்டு இறங்கியதும் ஏட்டு கருத்தப்பாண்டி முதலில் பூட்ஸைக் கழற்றுவார். லத்தியைப் பின் சீட்டில் படுக்க வைப்பார். அதன்பிறகு மறியல் நடக்கும் இடத்துக்கு வெறுங்காலோடு கிளம்புவார். சித்திரை வெயிலில் தார் ரோடு கொதிக்கும். ஐம்பத்து மூன்று வயதும் அதற்கேற்ற தொப்பையுமாக, காலை மாற்றி மாற்றி வைத்து அவர் போகும் அழகைப் பார்த்துக் கூட வந்த போலீஸ்காரர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள்.

“வெடிமருந்து ரூமுக்குள்ள செருப்போட போவீகளா? இரும்பத்தான் கொண்டு போவீகளா? உரசுனா போச்சுல்ல. வயித்தெரிச்சல்ல ஒக்காந்திருக்க சனமும் அப்படித்தான்யா” என்பார். போலீசில் சேருமுன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மூன்று வருடம் மருந்து செலுத்திய மனுஷன்.

வாக்கிடாக்கியில் இன்ஸ்பெக்டர், “கலைஞ்சுட்டாங்களா?” என்று கேட்டால், “பேசிக்கிட்டிருக்காகய்யா” என்பார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடிப்பது இந்தப் பக்கம் வரை கேட்கும்.

ஆமத்தூர் ஆவுடைத்தாய் ஏட்டையா பேச்சை எடுத்தாலே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள். போன ஆனியில் அவள் மகள் பாண்டிமீனா வேலை பார்த்த கம்பெனியில் வெடி விபத்து. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர். அது வெளியே தெரிந்துவிடும் என்று, உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்பதையே கம்பெனி மூடி மறைத்தது. தாய்மார்கள் சிவகாசி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கெடு என்று மைக்கில் சத்தம். எதிரே லத்தி வரிசை.

அடி விழுந்தாலும் சரி என்று தலையைக் குனிந்திருந்த ஆவுடைத்தாயின் முன்னால் இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. ஏட்டையா குத்தவைத்து உட்கார்ந்தார்.

“என்னத்தா வேணும்?”

“எம்பிள்ள இருக்காளா இல்லயா, அத மட்டும் சொல்லுங்கய்யா. நாங்களே எந்திரிச்சுப் போயிருதோம்.”

என்ன வேண்டும் என்று அதுவரை அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர் இன்ஸ்பெக்டரிடம் கெஞ்சி அரைமணி நேரம் வாங்கினார். ஆஸ்பத்திரி ட்யூட்டியில் இருந்த போலீஸ்காரரை போனில் பிடித்து, இடது உள்ளங்கையில் பேனாவால் பெயர்களை எழுதினார். எழுந்து நின்று சத்தமாக வாசித்தார். ஆறு பேருக்கும் உயிர் இருந்தது. நாலாவது பெயர் பாண்டிமீனா.

“கையில காயம். நல்லா பேசுது. அம்மா சாப்பிட்டாளான்னு கேக்குதாம்.”

யாரும் கலைக்காமலே ரோடு காலியானது. ஆவுடைத்தாய் அந்த மை படிந்த கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் பன்னிரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. அதே ரோடு, காலிக்குடங்கள், முன்வரிசையில் ஆவுடைத்தாய். ஏட்டையா வழக்கம்போல் சூடு தாங்காமல் துள்ளித் துள்ளி வந்து சேர்ந்தார்.

“ஏட்டையா, செத்தாலும் ஒங்கள மறக்க மாட்டேன். ஆனா தண்ணி லாரி வராம எந்திரிக்க மாட்டேன்.”

“எந்திரிக்கச் சொன்னேனா? எம்புட்டு நாளா வரல, அதச் சொல்லு” என்று நோட்டைப் பிரித்தார்.

எந்திரிக்க மாட்டேன் என்றவள் ஒரு நொடி எழுந்தாள். தனக்குக் கீழே கிடந்த சாக்கை உருவி, அவர் காலடியில் விரித்துவிட்டு, வெறுந்தாரில் உட்கார்ந்துகொண்டாள்.